வால் நுனியில் கறுப்பு

இலங்கையில் ஓநாய் கிடையாது. ஆனாலும் எங்கள் கரையோரத்துப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்துக் காட்டு மிருகம் ஒன்றைக் கீறச் சொன்னால், யானைக்கும் சிறுத்தைக்கும் அடுத்தபடியாக வந்து நிற்பது ஓநாய்தான். அதுவும் எல்லாத் தாளிலும் ஒரே ஓநாய்: செங்குத்தான பாறை, அதன் விளிம்பில் அண்ணாந்த கழுத்து, பின்னால் முழு நிலா. கோமாரியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயல்வட்டையும். சங்கமன்கண்டிப் பக்கமாகப் போனால் பாறைகள் உண்டு. மற்றப்படி அந்த ஓநாய் ஏறி நிற்க ஊருக்குள் ஒரு மேடுகூட இல்லை. வட தேசத்துப் பனிக்காட்டிலிருந்து கைத்தொலைபேசி வழியாக வந்து சேர்ந்த ஓநாய் அது.

கோமாரியிலும் பொத்துவிலிலும் சித்திரம் படிப்பிக்கிறவன் நான். அந்த ஓநாயை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கண்ணால் காணாத மிருகத்தின்மேல் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு ஆசை வருவதே பெரிய காரியம். அந்த ஆசையை எந்தப் பக்கம் திருப்பிவிடலாம் என்பதுதான் என் யோசனை.

கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் முஸ்லிம் வீடுகளில் ஓநாய் நுழைவதற்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. யூசுப் நபியின் கதை. தம்பியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்த அண்ணன்மார், ஓநாய் தின்றுவிட்டது என்று தகப்பனிடம் சொல்கிறார்கள். பொய் இரத்தம் பூசிய சட்டையையும் காட்டுகிறார்கள். யாகூப் நபி அதை நம்பவில்லை. குர்ஆனின் 12ஆவது அத்தியாயத்தில் வரும் சம்பவம் இது. தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதே கதை ஆதியாகமத்தில் யோசேப்பின் கதையாக இருக்கிறது. அங்கே பழி ஏதோ ஒரு கொடிய மிருகத்தின் மேல். குர்ஆன் மிருகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஆனால் கதை முழுக்கத் தேடினாலும் ஓநாய் ஓர் இடத்திலும் நடமாடுவதில்லை. மனிதர் செய்த குற்றம் அதன் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்கிற ஒரு பிள்ளை, ஓநாய் குற்றமற்றது என்பதை ஓநாயைக் காணும் முன்பே அறிந்துகொள்கிறது. உலகத்தின் மற்ற இடங்களில் ஓநாய்க்கு இந்த நியாயம் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் அதன் தலைக்கு விலை வைத்துக் கொன்றார்கள். பல நாடுகளில் அடியோடு இல்லாமலாக்கினார்கள்.

ஓநாயின் சொந்தக்காரனாக இந்தத் தீவில் இருப்பது நரி. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இலங்கைக் காடுகளில் நாய்க் குடும்பத்திலிருந்து வாழும் காட்டு விலங்கு இது ஒன்றுதான். இந்திய ஓநாய் ஏறத்தாழ இருபது கிலோ நிறை வரும். எங்கள் நரி அதில் பாதி. ஆணும் பெண்ணும் சோடி சேர்ந்தால் வருடக்கணக்கில் பிரியாது. போன வருடத்துக் குட்டிகளில் ஒன்றிரண்டு தாய் தகப்பனோடு தங்கி, இந்த வருடத்துக் குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். ஓநாய்க் கூட்டம் என்று நாம் பெரிதாகப் பேசுவதும் அடிப்படையில் இப்படி ஒரு குடும்பம்தான்.

கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை என்று நடந்து, ஒக்கந்தையில் தங்கி, குமனைக் காட்டுக்குள் இறங்குவார்கள். இரவில் அவர்களுக்குத் துணை வருவது நரியின் ஊளை. ஒன்று தொடங்கும், அதன் சோடி எடுத்துக்கொள்ளும், பிறகு எங்கோ தூரத்தில் இன்னொரு குடும்பம் பதில் சொல்லும். யுத்த காலத்தில் அந்த ஊளை கேட்டால் எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது எங்கே, எதைத் தேடி நிற்கிறது என்ற நினைப்பு அவர்களுக்கு. போர்க்களத்து நரியைச் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்கள் வயதுக்காரர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

இத்தனை பக்கத்தில் வாழ்கிற மிருகத்தையும் பிள்ளைகள் வேறொன்றாகத்தான் கீறுகிறார்கள். நரி என்றதும் தோடம்பழ நிறத்துப் பஸ்டலை எடுப்பார்கள். வெள்ளை நெஞ்சு, புசுபுசுவென்ற வால், வாலின் நுனியில் வெள்ளை. திராட்சைக் கொடிக்குக் கீழே நிற்கிற கதைப்புத்தக நரி. அது ஐரோப்பாவின் செந்நரி. இந்தத் தீவில் அது வாழ்ந்ததே இல்லை. எங்கள் வயலில் ஓடுகிற நரிக்கு மணல் நிறம். முதுகில் கறுப்பும் சாம்பலும் கலந்த போர்வை. காதின் பின்புறமும் கால்களும் செம்பழுப்பு. வால் நுனி கறுப்பு. வடையைக் காகத்திடமிருந்து ஏமாற்றி வாங்கிய நரிக்கும் படம் கீறுகிறவர்கள் வெள்ளை நுனியையே வைக்கிறார்கள். வால் நுனியில் வெள்ளையை எடுத்துவிட்டுக் கறுப்பைப் போட ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது சின்ன வேலையாகத் தோன்றலாம். எனக்கு அது ஊரைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது.

நரியின் நிறத்தைப் பெட்டியிலிருந்து நேரே எடுத்துப் பூச முடியாது. ஓநாய்க்கும் அப்படித்தான். வெளிமயிர் ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நுனிவரை நிறம் மாறி மாறி வரும்: வெளிறிய மஞ்சள், பிறகு கறுப்பு, மறுபடி மஞ்சள், நுனியில் கறுப்பு. மயிர் படிந்து கிடக்கும்போது ஒரு நிறம், காற்றில் கலையும்போது இன்னொரு நிறம். ஈரமில்லாத மண் தரையில் நின்றால் மண்ணாகிவிடும். அறுவடை முடிந்த வயலில் நின்றால் வைக்கோலாகிவிடும். பழுப்பு நிறத்தைக் குழைத்து அப்பினால் நாய்தான் வரும். நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது இது: மஞ்சட்காவியை நிறையத் தண்ணீர் விட்டு மெல்லிசாகப் பூசிக் காயவிடுவது, தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்த்தி, மயிர்களை விரித்து, கறுப்பையும் மண் பழுப்பையும் தொட்டுத் தொட்டு இழுப்பது, எங்கேயும் ஒரே நிறம் கை அகலத்துக்குத் தொடர விடாமல் பார்த்துக்கொள்வது. பொறுமை கெட்டால் படம் கெடும்.

அதைவிடக் கடினம் வயிறு. உருண்டையான பொருளை வரையும்போது மேலே வெளிச்சமும் கீழே நிழலும் வைக்க வேண்டும் என்பது சித்திர வகுப்பின் முதல் பாடம். நரியிடம் இந்தப் பாடம் செல்லாது. அதன் முதுகு இருண்டது. வயிறும் கழுத்தின் அடியும் வெளிறியவை. வெயில் முதுகை வெளிறச் செய்கிறது, நிழல் வயிற்றை இருட்டாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து, மிருகம் தன் திரட்சியை இழந்து தட்டையாகிவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் நின்றாலும் கண் அதைப் பிடிக்காது. இதை முதலில் ஒழுங்காக விளக்கியவர் ஒரு விலங்கியலாளர் அல்லர், ஓர் ஓவியர். அமெரிக்கரான அபொட் தேயர் 1896இல் இதை எழுதினார்; 1909இல் அவரும் அவர் மகனும் சேர்ந்து பெரிய நூலாகவே கொண்டுவந்தார்கள். ஓவியர்கள் திரட்சியை உண்டாக்கச் செய்கிற வேலையை, திரட்சியை மறைக்க இயற்கை தலைகீழாகச் செய்திருக்கிறது என்று கண்டது, வாழ்நாள் முழுக்க நிழல் வைத்துப் பழகிய கண். தேயர் பிறகு எல்லை மீறிப் போனார். பூநாரைகளின் சிவப்பும் அந்தி வானத்தில் ஒளிந்துகொள்ளத்தான் என்று சாதித்து, தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் கடுமையான கண்டனம் வாங்கினார். ஆனாலும் வயிற்றின் வெளிறல் பற்றிய அவருடைய கண்டுபிடிப்பு இன்றும் அவர் பெயரில் நிற்கிறது.

சித்திரம் கீறுகிறவனுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தெளிவாக, கம்பீரமாக, கோடு கோடாகத் தெரிகிற ஓநாயை வரைந்தால் அது ஓநாயின் வாழ்க்கைக்கு எதிரான படம். அது வாழ்வதே தெரியாமல் இருப்பதால்தான். பாறை விளிம்பில் நிலாவுக்கு முன்னால் நிற்கிற ஓநாய் அன்றிரவு பட்டினி கிடக்கும். அப்படியானால் ஓநாயை எங்கே வரைவது? என் பதில், அதைச் சுற்றியிருக்கிற உயிர்களில்.

குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்கா 34 சதுர கிலோமீற்றர் அளவான புல்வெளி. வெளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேய்கிற இடம். இந்திய ஓநாய் இன்றும் அவற்றை வேட்டையாடுகிற இடம். அங்கே எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்து பழகியிருக்கிறேன். மான்கள் ஒரே திசையில் தலையைத் திருப்பி, காதுகளை முன்னே நீட்டி, ஒரு முன்காலைத் தூக்கியபடி நின்றுவிட்டால், தாளின் அந்தப் பக்கத்தில் ஓநாய் வந்துவிட்டது என்று பொருள். மானின் கழுத்து இவ்வளவு நீண்டு, கால் இவ்வளவு மெலிந்து, ஓட்டம் இவ்வளவு வேகமானதற்குத் தலைமுறை தலைமுறையாக அதைத் துரத்தி வந்தவற்றுக்கும் பங்குண்டு. மானை நன்றாக வரைந்தாலே ஓநாயின் பாதியை வரைந்ததாகிவிடும்.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் கதை இப்போது எல்லோருக்கும் தெரியும். 1926இல் கடைசி ஓநாய்களையும் கொன்றார்கள். எழுபது வருடங்களுக்குப் பிறகு, 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் என்ற பெரிய மான்கள் குறைந்தன, சில ஓடைக் கரைகளில் அவை கடித்துத் தீர்த்த மரங்கள் மறுபடி தலை தூக்கின. ஓநாய் வந்து ஆற்றையே திருப்பிவிட்டது என்று காணொளிகள் சொல்கின்றன. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். நீர்நாய்போன்ற பீவர்கள் அணை கட்டாத ஓடைகளில் நிலத்தடி நீர் இறங்கிவிட்டதால், ஓநாய் வந்தும் மரங்கள் பல இடங்களில் மீளவில்லை என்று அங்கேயே நீண்ட காலம் ஆய்வு செய்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்புவது பறித்தவர்களுக்கு ஆறுதல். ஓநாயை மதிப்பதற்கு அதை அற்புதம் செய்கிற அவுலியா ஆக்க வேண்டியதில்லை. அது மானைத் தின்கிறது. அதனால் புல்லுக்கு ஓய்வு கிடைக்கிறது. அது மிச்சம் வைத்ததைக் காகமும் வண்டும் தின்கின்றன. இதுவே பெரிய வேலை.

எங்கள் நரியின் வேலையும் இப்படி ஓசையில்லாததுதான். வயல் எலி, நண்டு, செத்த மாடு, காட்டில் உதிர்ந்த நாவலும் பாலைப்பழமும் அதன் உணவு. கடலாமை முட்டையிடும் கரைகளில் குழி தோண்டி முட்டையையும் தின்னும். கோழிக்கூட்டைத் திறந்து வைத்தால் கோழியையும் கொண்டுபோகும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கணக்கு என்று பார்த்தால் மற்றப் பக்கமும் இருக்கிறது. செர்பியாவில் இதே இன நரிகளைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்த நாட்டு நரிகள் வருடத்துக்கு 3,700 தொன் மிருகக் கழிவையும் 1 கோடி 32 இலட்சம் வயல் எலிகளையும் தின்று தீர்ப்பதாக மதிப்பிட்டது. எங்கள் வட்டைக்கு அப்படி ஒரு கணக்கை யாராவது எடுத்தால் நல்லது. எலி எங்களுக்கு நெல்லை மட்டும் தின்கிற பிராணி அல்ல. எலிக்காய்ச்சல் 2008இல் இலங்கையில் பரவியபோது சந்தேகத்துக்குரிய நோயாளர் 7,000 பேருக்கு மேல் பதிவானார்கள். சேற்றில் இறங்குகிற வயற்காரருக்குச் சுகாதாரப் பரிசோதகர் குளிசை கொடுக்கிறார். வரம்பிலே எலி வளையைத் தோண்டுகிற நரிக்கு அங்கே நாம் விடுவது கல்லும் நாயும்.

தமிழ் ஓவியத்தில் நரிக்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது. மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் கோயில் சுவர்களில் தீட்டப்பட்டிருக்கிறது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. ஆனால் அந்தக் கதையில் நரி குதிரையாகும் வரைக்கும்தான் மரியாதை. குதிரை நரியாகத் திரும்பும்போது அது வஞ்சம், அது கலவரம். நரி நரியாகவே இருந்து தன் பாட்டில் இரை தேடுகிற ஒரு படத்தை எங்கள் மரபில் நான் கண்டதில்லை. நரியின் தலையில் முளைக்கும் கொம்பு நினைத்ததைக் கொடுக்கும் என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். எமர்சன் தெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் அந்த 'நரிக்கொம்பு' பற்றி எழுதி, மண்டையோட்டின் படத்தையும் போட்டிருக்கிறார். அதே நூலில் நரிகள் கூட்டமாக ஒரு பற்றையைச் சுற்றி வளைத்து, உள்ளே ஒளிந்த முயலையோ மானையோ கிளப்பிப் பிடிப்பதையும் விவரிக்கிறார். கொம்பைவிட எனக்கு இந்தப் பற்றைதான் பெரிது. ஓநாயின் மூளை அங்கே வேலை செய்கிறது.

நான் மிகவும் நேசிக்கிற நாய்ப்படங்கள் கோயில் சுவரில் இல்லை, வேடர்களின் குகைச் சுவரில் இருந்தவை. செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடர்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். குகைகளின் சுவரில் மனிதரையும் நாயையும் மானையும் தீட்டியவர்கள் வேடப் பெண்கள். சாம்பலை உள்ளங்கையில் எச்சிலால் குழைத்து, சுட்டுவிரலால் கல்லில் இழுத்தார்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை காத்திருக்கிற நேரத்தில் செய்தது அது. காட்டுக்குள் போன வேட்டைநாய் வருமா வராதா என்று காத்திருக்கிற பெண், அதைக் குகைச் சுவரில் வெள்ளையாக நிறுத்தி வைக்கிறாள். இல்லாத ஒன்றை விரலால் அழைத்துப் பார்க்கிற அந்த வேலைக்கு முன்னால் என் தூரிகைப் பெட்டி எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உயிருள்ளவற்றின் உருவத்தைக் கீறக் கூடாது என்று நினைக்கிற வீடுகள் எங்கள் கரையில் உண்டு. அதை நான் மதிக்கிறேன், யாரையும் வற்புறுத்துவதில்லை. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை, நரியைக் கீறுகிற வகுப்பில் தாளைக் குறுக்காக வைத்து ஒரு வரம்பைக் கீறினாள். வரம்பின் பக்கத்தில் மண் கிளறிய எலி வளை. இரண்டு நண்டுத் துளை. ஒன்றின் வாயில் ஓடு உடைந்து கிடந்தது. சேற்றில் நாலு விரல் தடம் வாய்க்கால் வரைக்கும் ஒரே கோடாகப் போய், நீரில் முடிந்து, மறுகரையில் மறுபடி தொடங்கியது. நாயின் தடம் இப்படி நேராக இருக்காது, அங்குமிங்கும் அலையும் என்பதையும் அவள் கவனித்திருந்தாள். படத்தில் மிருகம் கிடையாது. அன்றைக்கு வகுப்பில் நரியின் வேலையை முழுதாகக் கீறியது அவள்தான். தேயர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இந்த நரிகள் எங்கள் பக்கத்தில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. பற்றைகளைத் துப்புரவாக்கி வேலி போடுகிறோம். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போகிற பிரதான வீதியில் இரவு வாகனங்கள் அவற்றை அடிக்கின்றன. கட்டாக்காலி நாய்கள் பெருகிய இடத்தில் விசர்நோயும் மற்ற நாய் நோய்களும் நரிக்குத் தொற்றுகின்றன. இந்தியாவில் ஓநாய்க்கு நடப்பதும் இதுதான். புல்வெளியைத் தரிசு என்று பெயரிட்டுத் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் கொடுத்துவிட்டதால், அங்கே மிஞ்சியிருப்பவை மூவாயிரம் அளவில்தான். புலியின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று நாடே கேட்கிறது. ஓநாயைப் பற்றிக் கேட்க இடையர்களும் சில ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நரியைப் பற்றிக் கேட்க எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

இப்போது பிள்ளைகள் ஒரு நீண்ட மதிலில் படம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓநாயை விட்டுக்கொடுக்க முதலில் சம்மதிக்கவில்லை. நிலாவை வைத்துக்கொள்ளலாம் என்ற பிறகு இறங்கிவந்தார்கள். அறுவடை முடிந்த வட்டை, தூரத்தில் களப்பு, வரம்பில் ஒரு நரிச்சோடி, பின்னால் போன வருடத்துக் குட்டி ஒன்று. வயலுக்குப் போகிற வழியில் ஒரு போடியார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கனநேரம் பார்த்தார்.

"என்ன சேர், வேற மிருகமே கிடைக்கல்லயா? நரியப் போய்ச் சுவரில கீறுறீங்க."

நான் எலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை. சுண்ணாம்பு அடித்த மதிலுக்குக் கிட்டப் போய், ஏணியில் நின்ற பொடியனை அண்ணாந்து பார்த்தார்.

"மனே, வாலப் பதிச்சுக் கீறு. தூக்கிக்கொண்டு போறது நாய். நரி வாலத் தொங்கவிட்டுத்தான் நடக்கும். மற்றது, ரெண்டும் ஒரே பக்கம் பாக்காது. ஒண்டு முன்னுக்குப் பாத்தா மற்றது பின்னுக்குப் பாக்கும்."

பொடியன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். பெண் நரியின் முகத்தைச் சுண்ணாம்பால் மூடினோம். காய்ந்ததும் அது களப்புப் பக்கம் திரும்பிப் பார்க்கும். வால்கள் மூன்றையும் இறக்க வேண்டும். போடியார் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு, வரம்பில் எலி வளை எந்த இடத்தில் வரவேண்டும் என்று இன்னொரு பிள்ளைக்கு விரலால் காட்டிக்கொண்டிருக்கிறார்.